ரெண்டு சர்வருக்கும் ஒரே பொட்டி

அன்பரசி: ரெண்டு சர்வருக்கும் பொதுவா ஒரே ஸ்டோரேஜ் பொட்டி போதும்னு போன வாரம் நீங்கதான மாப்ள சொன்னீங்க?

மதியழகன்: சொன்னேன் அத்தை... இப்ப வேணாம்னு தோணுது. தனித்தனியா டிஸ்க் மாட்டிடலாம்.

அன்பரசி: மறுபடியும் தனித்தனியாவா? போன வருசம் மேல்மாடி சர்வரோட டிஸ்க் போயி எண்ணூறு ஜாதகம் காணாமப் போச்சு. கல்யாணத் தகவல் மையம்னு போர்டு மாட்டிக்கிட்டு ஜாதகத்த தொலைச்சா எவன் வருவான்?

மதியழகன்: பொட்டியே போயிட்டா? ரெண்டு சர்வரும் சேந்து படுத்துக்கும்...

அன்பரசி: உள்ள நாலு டிஸ்க். ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.

மதியழகன்: கரண்ட் போச்சுன்னா...

அன்பரசி: யூபிஎஸ் இருக்கு. அடுத்து?

மதியழகன்: வயரெல்லாம் பழசு. ரொம்ப ஸ்லோவா...

அன்பரசி: மாத்துங்க. அதுக்குத்தான வந்திருக்கீங்க? ஆமா, ஃபேன் ஓடுது... ஏன் இப்படி வேர்க்குது?

மதியழகன்: அதியமான்கோட்டைலருந்து வெயில்ல வந்தேன்ல...

அன்பரசி: பத்து நாள்ல என் அக்கா மவ கழுத்துல தாலி கட்டப்போறவரு வெயில்ல சுத்தலாமா? கறுத்துட்டா பிரியா என்னத்தான் திட்டுவா.

மதியழகன்: அத்தை... ஒரே ஆளு ரெண்டு சர்வர்லயும் பதிஞ்சிருந்தா?

அன்பரசி: கீழ நேர்ல வந்து பதிஞ்சது, மேல ஆன்லைன்ல பதிஞ்சது, எல்லாம் ஒரே எடத்துக்கு வந்ததும் பக்கத்துல பக்கத்துல காட்டும். எது சரின்னு பாத்து ஒண்ண தூக்கிடுவேன்.

மதியழகன்: நீங்களேவா பாப்பீங்க?

அன்பரசி: பின்ன? ஏன், தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?

மதியழகன்: ஒருத்தர் இருக்காரு...

அன்பரசி: வாயத் தொறந்து சொல்லுங்க மாப்ள.

மதியழகன்: என் ஜாதகமே ரெண்டுலயும் இருக்கு. கீழ இருக்கறது அப்பா குடுத்தது. மேல... நானே ஏத்துனது.

அன்பரசி: ரெண்டும் ஒண்ணுதான?

மதியழகன்: இல்ல அத்தை. பொறந்த நேரத்த ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டுட்டேன். நெசமா எனக்கு செவ்வாய் தோஷம். செவ்வாய் இருக்கற பொண்ணத்தான் கட்டணும்னு அப்பா மூணு வருசம் அலைஞ்சாரு. அரூரு, காரிமங்கலம்... எங்கயும் அமையல. நேரத்த மாத்துனேன், ரெண்டே மாசத்துல பிரியா ஜாதகம் பொருந்திடுச்சு. அலைஞ்சு அலுத்துப்போன அப்பாவும் சரின்னுட்டாரு.

அன்பரசி: அவகிட்ட சொன்னீங்களா?

மதியழகன்: வாய் வரல. தோஷம் இல்லாத பொண்ணு... என்னால அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? பயமா இருக்கு அத்தை. கல்யாணத்த நிறுத்திடுங்க.

அன்பரசி: பத்திரிகை ஊரு பூரா குடுத்தாச்சு!

மதியழகன்: உங்க அக்கா வூட்டுக்கு நானே போயி சொல்லிடறேன். பழி என்மேலயே இருக்கட்டும்.

அன்பரசி: உக்காருங்க மொதல்ல. நேத்தே கீழ் சர்வர்ல உங்கப்பா குடுத்த ஜாதகத்த பாத்துட்டேன். உங்க வாயால வரட்டும்னுதான் இவ்ளோ நேரம்...

மதியழகன்: பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? அவ உங்க அக்கா பொண்ணாச்சே!

அன்பரசி: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? அவளுக்கும் செவ்வாய்தான் மாப்ள. அவ பொறந்த நேரத்த மாத்தி டைப் பண்ணி ஏத்துனது நான்.