நான் மிதிக்காத பலகை

முதலில் எனக்குக் குதிக்கவே வரவில்லை, சார். பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் இருக்கிற ஆள் குதிப்பார். நான் பள்ளத்தின் விளிம்பு வரை போய், நின்று, யோசித்து, அப்புறம் அழுத்துவேன். நேராகக் கீழே விழுவார்.

"பால் பாக்கெட் வாங்கப் போறாப்பல போறியே அக்கா. ஓடிண்டே குதிக்கணுமாக்கும்" என்று சிரிப்பான் என் தம்பி சுமந்த்.

விளையாட்டைப் பற்றி எதற்குச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

சுமந்தும், அவன் கல்யாணம் செய்துகொள்ள இருந்த ஜிஜியும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. அவன் படம் வரைந்து புதிர்களை அமைத்தான். பாறசாலைப் பெண்ணான ஜிஜி இசை போட்டாள். ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். விண்வெளியில் கைவிடப்பட்ட ஒரு நிலையம். அதில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் உடுப்பில் பெரியவர், நீல உடுப்பில் சின்னவன். ஒவ்வொரு அறையிலும் தரையில் ஒரு பலகை இருக்கும். பெரியவர் அதை மிதித்துக்கொண்டு நின்றால்தான் கதவு திறக்கும். சின்னவன் அந்தப் பக்கம் ஓடிப்போய் ஒரு விசையை இழுத்தால் பெரியவருக்கும் வழி கிடைக்கும். இப்படியே அறை அறையாகப் போக வேண்டும்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, முன்பு நெல் வைத்தது. அவர்கள் அங்கேதான் வேலை செய்தார்கள். இசைப்பதிவுக்காக ஜிஜி சுவரிலும் கூரையிலும் ஸ்பாஞ்ச் ஒட்டினாள். நான்தான் பசை தடவிக் கொடுத்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"அக்கா ஆடுறதப் பாத்தா கம்பெனிக்காரன் நம்மள விட்டுட்டு அக்காவ எடுத்துக்கிடுவான்" என்பாள். நான் அவ்வளவு தேறிவிட்டிருந்தேன்.

அம்மா போனபோது சுமந்த் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கவில்லை. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வேண்டாம் என்று சொன்னது நான்தான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மழைக்காலம் வந்தால் அவனுக்கு இழுப்பு வரும். என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவான். ஆரியசாலையில் ஒரு மருந்து மொத்தக் கடைக்கு நான் பில் போடப் போனதே அவன் மருந்துக்காகத்தான். இன்ஹேலர் என்ன செய்யும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசி அறையை அவன் எனக்குக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. சிவப்பு விளக்கு எரியும். அந்தப் பக்கம் தப்பிப் போக ஒரு விண்வெளி ஓடம் காத்திருக்கும். நான் வழக்கம்போலப் பெரியவரைப் பலகையில் நிறுத்தினேன். கதவு திறந்தது. சின்னவன் ஓடினான். அங்கே விசையைத் தேடினேன். விசை இல்லை. ஓடம் கிளம்பியது. பெரியவர் பலகையில் நின்றபடியே கையைத் தூக்கினார். திரை கறுத்தது.

"அவருக்கு வழி எங்கேடா?"

"இல்லை அக்கா. அதாக்கும் முடிவு. நீ நின்னதாலதானே நான் இவ்வளவு தூரம் வந்தேன்? இது உனக்காகப் பண்ணினது." அவன் கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் சொன்னான், கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் போகிறார்கள் என்று.

பயம் என்றால் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. அம்மா போனபோதுகூட அவன் என் இடுப்பில் இருந்தான். "நன்னா இருக்குடா" என்று சொல்லிவிட்டுத் தோசை வார்க்கப் போனேன்.

அவர்கள் வேலைக்குப் போனதும் கடைசி அறையைத் திரும்பத் திரும்ப ஆடினேன். ஒருநாள் பெரியவரைப் பலகையில் நிறுத்தாமல் விட்டேன். கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டுச் சோறு வடித்தேன், துணி உலர்த்தினேன். திரும்பி வந்து பார்த்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்குவதை சுமந்த் அவ்வளவு அழகாக வரைந்திருந்தான். காற்று தீரவில்லை. யாரும் சாகவில்லை. பெரியவர் மிதிக்காமல் இருந்தால் போதும்.

சுமந்துக்கும் போக மனமில்லை, சார். பெட்டி கட்டும்போது ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தான். போக மனமுள்ளவன் அப்படிச் செய்வானா?

கம்ப்யூட்டரைக் கழற்ற அவன் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் போனான். போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது. நெட் இணைப்பை முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். தண்ணீரும் தேங்குழல் டப்பாவும் நான் காலையிலேயே உள்ளே வைத்திருந்தேன். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

பிறகு வாசல் நிலையில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகினேன். எங்கள் தெருவில் அது போதும். அம்மை கண்ட வீட்டுப் படியை யாரும் ஏற மாட்டார்கள். வந்தாலும், போய்வருகிறேன் என்று சொல்லாமல் போவார்கள். எதிர்வீட்டுப் பகவதி மாமி தெருவில் நின்றபடியே இளநீரை நீட்டினாள்.

"கல்யாண சமயத்துல பாரு, சூடாமணி. குழந்தைக்கு இறங்கிண்டிருக்கா?"

"இறங்கிண்டிருக்கு மாமி."

சுமந்த் முதலில் சிரித்தான். "அக்கா, தாப்பாள் தானா விழுந்துட்டு போல. திற." அப்புறம், "விளையாடாதே அக்கா." அந்த ஸ்பாஞ்சினால் வாசலுக்குச் சத்தம் வராது. நான் கதவடியில் காதை வைத்துப் படுத்துக்கொண்டதால் எனக்கு எல்லாம் கேட்டது. சாயங்காலம் பேச்சு மாறியது. "மூச்சு முட்டறது. மருந்து ஆபீஸ் பையில இருக்கு, பை ஜிஜிகிட்ட இருக்கு. அவளைக் கூப்பிடு. பயமா இருக்கு அக்கா."

"காத்து தீராதுடா கண்ணா. நீதானே பண்ணினே" என்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்தால் பலகையை மிதித்த மாதிரி ஆகிவிடும்.

நான் கூப்பிடாமலே மறுநாள் காலை ஜிஜி வந்தாள். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்படியிலேயே நின்றாள்.

"எனக்குச் சின்னதிலேயே வந்து மாறிட்டு அக்கா. ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போறேனே."

"தலைக்குத் தண்ணி விட்டப்புறம் வா, மோளே. அம்மன் இருக்கற வீடு."

வேறு பெண்ணாக இருந்தால் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்திருப்பாள். இவள் சர்ச்சுக்குப் போகிற பெண். நம் வழக்கத்தை மீறக் கூடாது என்று பயந்தாள். "அவங்க இன்ஹேலர் பையிலயே இருந்துச்சு. புதுசு ஒண்ணும் வாங்கினேன்" என்று கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். கொடுக்க வேண்டுமானால் தாழ்ப்பாளை எடுக்க வேண்டுமே.

கதவடியில் அப்போதும் சத்தம் கேட்டது. பேச்சு இல்லை, வெறும் விசில் மாதிரி. மத்தியானம் அது நின்றது. தூங்குகிறான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு என் மடிக்கணினியில் கடைசி அறையைத் திறந்து வைத்துக்கொண்டேன். தோள்கள் ஏறி இறங்கின. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வாசலை மறந்துவிட்டேன்.

என் தவறு என்றால் அதுதான். இரண்டு நாள் கழித்து ஜிஜி மறுபடி வந்தபோது இலை சுருண்டு காய்ந்திருந்தது.

"வேப்பிலைய மாத்தலியா அக்கா? எங்க அண்ணனுக்கு வந்தப்ப பக்கத்து வீட்டு அம்மா தெனமும் பச்சை வைக்கச் சொல்லுவாங்க." சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாகச் சாமி மாடத்தைப் பார்த்தாள். புது இன்ஹேலரின் அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து தெருவுக்கு இறங்கினாள். அங்கே நின்றே உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

தாழ்ப்பாளைப் போட்டது நான். மருந்தை வாங்கி வைத்துக்கொண்டதும் நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கதவைத் திறந்தது நீங்கள். வாசல் வரை வழிவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றீர்கள். ஜிஜி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவன் எழுந்து போனானா, சார்? மனமில்லை என்று நான் சொன்னபோது நீங்கள்தான் நம்பவில்லை.