ஏழாம் குழியும் எட்டாம் குழியும்

இப்போதெல்லாம் மனுசன் சொன்னால் எவனும் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பஸ் ஸ்டாண்டில் எடை மிஷின் துப்புகிற அட்டையைத்தான் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போகிறான். படித்தவன் இன்னும் மோசம்.

நான் அடைக்கலம். புதுக்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருசமாக மூத்திரம் காய்ச்சிப் பார்க்கிறவன். நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினால், சர்க்கரை உள்ளவனுக்குச் செங்கல் நிறம் வரும். இல்லாதவனுக்கு நீலமாகவே நிற்கும். என் கண் தப்பியதில்லை.

போன மாதம், மலேயாவிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் ரத்தம் சோதிக்கிற அந்த மிஷினைத் தர்மமாகக் கொடுத்தார். அதுவே குழாயிலிருந்து ரத்தத்தை உறிஞ்சும், மருந்து கலக்கும், சர்க்கரை எவ்வளவு என்று பேனாவால் கோடும் போடும். டாக்டர் ஆத்மநாதன் அதன் முன்னால் கும்பிடாத குறையாக நின்றார். குழாய்க் கழுத்தில் நான் நூலால் கட்டுகிற பெயர்ச்சீட்டு இனி வேண்டாமாம். குழாயை நிறுத்துகிற தட்டில் குழி நம்பர் போதுமாம். எனக்குக் குழாய் கழுவி அடுக்குகிற வேலை.

கந்தர்வக்கோட்டை ராக்கன், முந்திரித் தோப்பில் அரிவாள் பட்ட காலோடு படுத்திருந்தான். "என்னண்ணே, இரும்பு வந்து ஒங்க சோத்துல கைய வச்சிருச்சு போல" என்றான். வார்டே சிரித்தது. அதற்காக எனக்கு அவன்மேல் கோபமில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழாம் குழி அவனுக்கு. எட்டாவது, செங்கமலம் என்கிற சர்க்கரைக்காரிக்கு. குழாய்களை மாற்றி வைத்தேன். அத்தனை கெட்டிக்கார மிஷின் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கத்தான். அது பாட்டுக்கு ராக்கனுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறதென்று கோடு போட்டது.

டாக்டர் இன்சுலின் ஊசியோடு வந்து, "அடைக்கலம், வரிசை மாறலியே?" என்றார்.

"மாறலைங்க."

காலையில் ராக்கன் மூத்திரத்தை நானே காய்ச்சியிருந்தேன், நீலமாகவே நின்றது. அதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஊசி போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். ராக்கனுக்கு வேர்த்துக் கொட்டியது. "அண்ணே, கண்ணு இருட்டுது. திங்க ஏதாச்சும் குடுங்கண்ணே."

என் மடியில் காப்பிக்கு வைத்திருந்த கருப்பட்டித் துண்டு இருந்தது. கொடுத்தால் எழுந்துவிடுவான், மிஷினின் பொய் வெளியே வராது. டாக்டர் வரட்டும் என்றேன். நர்சம்மா எட்டிப் பார்த்தபோது, தூங்குகிறான் என்றேன். டாக்டர் வந்தபோது மூச்சில்லை.

குழாயை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆளைக் கொன்றது அந்த இரும்பு. ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாததை இங்கே விட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போகிறீர்கள்.

விலங்கு வேண்டாம், வருகிறேன். போகிற வழியில்தான் அந்த இரும்பு இருக்கிற அறை. நான் அங்கிட்டுத் திரும்பமாட்டேன். கருப்பட்டியை மேசைமேல் வைத்திருக்கிறேன், சாட்சிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை.