பியானோ முடியும்வரை நின்றவர்கள்

வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு எஸ்டேட் பெண்கள். இளையவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“பியானோ வாசிச்சது அந்தம்மா. முட்டு வீங்குனது எனக்கு, மதினி.”

“எந்தம்மா?”

“வெளிநாடெல்லாம் போய் வாசிக்கிறவுக. எல்லாப் பிள்ளைகளும் சங்கீதம் படிக்கணும்னு ஊர் ஊராப் போறாகளாம். ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல கெடக்குற துரைமார் காலத்துப் பியானோவ வாசிச்சாக.”

“அதுக்கு முட்டு ஏன் வீங்குது?”

“நாங்க பாடப்போற பாட்டுக்கு முன்னாடி வாசிக்கிற மெட்டுன்னு நெனச்சு, எப்பவும்போல எல்லாரும் பாட்டுப் புத்தகத்தோட எந்திரிச்சுட்டோம். இப்ப முடியும், பாடலாம்னு பாத்தா முடியவே இல்ல. ஒரு மணி நேரம்.”

“உக்கார வேண்டியதுதான?”

“பாஸ்டரே நிக்கிறாரு. நான் எப்படி உக்கார?”

“அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“அழுதுட்டாக. எந்த நாட்டுலயும் இப்படி ஒரு மரியாதை கெடைக்கலையாம். இனி மாசாமாசம் வந்து பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லித் தாராகளாம்.”

“உள்ளதச் சொல்லலையா?”

“பாஸ்டர் மூச்சு விடக் கூடாதுன்னுட்டாரு. ஆனா மாசாமாசம் அந்தம்மா வாசிப்பும் உண்டாம், மதினி.”

மதினி அவள் முழங்காலைப் பார்த்தாள்.

“உம் மக பியானோ படிக்கிறாளா?”

“மொத ஆளாச் சேத்துட்டேன்.”

“அப்ப நில்லு.”