குட்டகிந்த பஸ்தியின் தடுப்புச் சுவர்

காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் தப்பாக நினைக்காதீர்கள், சுபாஸ்ரீ. சுவர் திறந்த நாளிலிருந்து என் மனைவி கிரிஜா எதிலும் சர்க்கரையை அள்ளித்தான் போடுகிறாள். எங்கள் குட்டகிந்த பஸ்தி முழுக்கவே இப்போது அப்படித்தான். தெலுங்கில் குட்ட என்றால் குன்று. குன்றின் அடியில் இருக்கிறோம் என்று பேர் வைத்துக்கொண்டு, மழை வந்தால் குன்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஜனங்கள். ஞாயிற்றுக்கிழமை கார்ப்பரேட்டர் ரிப்பன் வெட்டிவிட்டுப் போனதும் பெண்கள் உங்கள் கான்கிரீட் சுவருக்கு மஞ்சள் பூசி, பூச்சரம் சாத்தினார்கள். இருபதடிச் சுவருக்குப் பூச்சரம் எட்டவில்லை என்று ஏணி கொண்டுவந்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், நான் பார்த்தேன். வரைந்து கொடுத்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இப்போது நீங்கள் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். நேற்றைய மழைக்குச் சுவர் எப்படி நிற்கிறது என்று பார்க்கக் குன்றின் மேலே ஏறினீர்கள். அங்கே புல்லுக்குள் பழைய மழைநீர் வாய்க்கால் ஒன்று, திருப்பத்தில் செங்கல் வைத்து அடைத்துப் பூசிக் கிடந்தது. நம் மேஸ்திரி நூர் முகமதைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "நக்கோ மேடம், இது நம்ம வேலை இல்ல. மேல போற வாய்க்கால்ல இவ்ளோ நைஸா யாரு பூசுவாங்க? இது ரயில்வே கை" என்றாராம். நீங்கள் அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நூர் முகமது சுலபத்தில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை.

ஆமாம், அது என் கைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம் செய்தது.

என் தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள். நானும் முப்பத்துநாலு வருஷம் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள மண்மேட்டுச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டேதான் சம்பளம் வாங்கினேன். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: மேலே விழுகிற மழை ஒன்றும் செய்யாது. உள்ளே இறங்கிவிட்டு வெளியே வர வழி கிடைக்காத தண்ணீர்தான் மண்ணைத் தள்ளும். இந்தக் குன்றில் பாதி பாறை. மீதி யாரோ எந்தக் காலத்திலோ கொட்டிவிட்டுப் போன மொரம் என்கிற சரளை மண். அதன் கீழே நாற்பத்தொரு வீடு. ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டி வந்த முதல் வாரமே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இது இறங்கும், இறங்கினால் பஸ்தியில் பாதி போகும்.

பதினோரு வருஷம் மனுக் கொடுத்தோம். நான் சங்கச் செயலாளர், வெங்கட்ரமணன் தலைவர். அவனும் மெட்டுகுடா பையன்தான், ஒன்றாக வளர்ந்தவர்கள். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு, மனைவி போன பிறகு என் பேச்சைக் கேட்டு இங்கே வந்து, குன்றை ஒட்டிய கடைசி வீட்டை வாங்கினான். நான் மனு எழுதுவேன், அவன் வாய் பேசுவான். அவன் பேசினால் ப்யூன்கூட நின்று கேட்டுவிட்டுப் போவான்.

நடுவில் ஒரு தடவை மண் கொஞ்சம் சரிந்தது. பத்மஜா வீட்டுக் குளியலறை நசுங்கியது, உள்ளே யாரும் இல்லை. என்ன அனுப்பினார்கள் தெரியுமா? இரண்டு லாரி மணல் மூட்டை. அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு நாங்கள் பார்த்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "ஆபத்து, ஆபத்துன்னு எழுதினா ஃபைல் நகராது சார். பெரிய சம்பவம் ஏதாவது நடந்திருக்கணும்" என்றார். வெங்கட்ரமணன் விடுவானா? "யாராவது செத்தாத்தான் கட்டுவீங்கன்னா சொல்லிடுங்க சார், நானே செத்துத் தொலையறேன்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அதிகாரி டீ வரவழைத்தார்.

அவனே சொன்ன வார்த்தை அது. நான் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

மற்றதெல்லாம் கணக்குத்தான். வாய்க்காலை முதல் திருப்பத்தில் அடைத்தால் தண்ணீர் பத்மஜா வீட்டுக்கு மேலே இறங்கும். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். இரண்டாவது திருப்பம் நூர் முகமது வீடு, ஆறு பேர். மூன்றாவதில் வெங்கட்ரமணன் தனி ஆள். யாராக இருந்தாலும் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

காலை நடையின்போது ஒவ்வொரு செங்கலாகக் கொண்டுபோனேன். கிரிஜாவுக்கு ஒரே பெருமை. "ஹவ், ஆமாங்க, முட்டி வலின்னு மூலையில உக்காந்தவரு இப்ப தினம் குட்ட ஏறுறாரு" என்று தெருவெல்லாம் சொன்னாள். பூசிய பிறகு மூன்று நாள் தண்ணீர் தெளித்தேன். அவசரத்தில் விட்டால் வெடித்துவிடும்.

செப்டம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு மண் இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நூர் முகமது கையாலேயே தோண்டினார், நானும் தோண்டினேன். என் நகம் இரண்டு பெயர்ந்தது, இதோ பாருங்கள், இன்னும் சரியாக வளரவில்லை. வெங்கட்ரமணன் சிதைக்கு நானே கொள்ளி வைத்தேன். அவனுக்குப் பிள்ளை இல்லை.

பதினோரு வருஷம் தூங்கிய ஃபைல் ஒன்பதே நாளில் கையெழுத்தாகி வந்தது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் வந்தீர்கள், மண்ணைத் துளைத்துப் பார்த்தீர்கள், கம்பி இறங்கியது, கான்கிரீட் எழுந்தது. ஒரு நாள்கூட நான் வேலை நடந்த இடத்துக்கு வராமல் இருந்ததில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான இரண்டு வருஷம் இருந்ததில்லை. சுவருக்கு அவன் பெயரை வைக்கச் சொன்னதும் நான்தான். கல்வெட்டைப் பார்த்துப் பத்மஜா அழுதாள்.

நீங்கள் போலீஸில் சொல்லத்தான் வேண்டும், சொல்லுங்கள். ஆனால் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளை வருஷா வருஷம் மழைக்கு முன்னால் சுத்தம் செய்ய ஆள் வையுங்கள். நான் இல்லாவிட்டால் இங்கே அதை யாரும் நினைக்கமாட்டார்கள்.

ஏன் என் வீட்டுக்கு மேலே தண்ணீரைத் திருப்பவில்லை என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசிக்காமல் இல்லை. ஆனால் நான் போய்விட்டால் ஃபைலைப் பின்தொடர்ந்து போக யார் இருக்கிறார்கள்? வெங்கட்ரமணனுக்குப் பேசத்தான் வரும், எழுத வராது.

அவனை முன்கூட்டியே எச்சரித்திருக்கலாமே என்பீர்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மண் இறங்கிய அன்று நாலு மணிக்கு அவன் இங்கே வந்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தான். கிரிஜா உப்பலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான்தான் வெங்காயம் நறுக்கி பஜ்ஜி போட்டேன். நாலைந்து சாப்பிட்டுவிட்டு, "பின்னாடி சுவர்ல ஈரம் ஊறுது வரதா. மனசே சரியில்ல. இன்னிக்கு ஒரு நாள் இங்கயே படுத்துக்கட்டாடா?" என்றான்.

காலி வீடு விழுந்தால் மறுபடியும் மணல் மூட்டைதான் வரும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? "ஈரத்துக்கெல்லாம் பயந்தா ஆச்சா? போய்ப் படுடா, காலைல நானே வந்து பாக்கறேன்" என்றேன். சரி என்று எழுந்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. மழை வலுத்திருந்தது. அவன் வீட்டு வாசல் வரைக்கும் நானே குடை பிடித்துக் கொண்டுபோய் விட்டேன், அவன் கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினேன். அவனுக்கு நனைந்தால் உடனே சளி பிடித்துக்கொள்ளும். அவனைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருந்தார்கள்?