கல்லுக்கும் பனிக்கும் உள்ள பங்கு

நாடாளுமன்றத் தேர்தலன்று நோர்வேத் தலைநகரின் குறொன்லாண்ட் சுரங்க நிலையத்தில் ரயில் ஏறிய ஒரு யாழ்ப்பாணத் தம்பதியர், எனக்கு எதிரே வந்து அமர்ந்தார்கள். வாக்களித்துவிட்டு வந்திருந்தார்கள்.

“நோர்வேயின்ரை வடக்கிலையே இருந்திருந்தா எங்கடை வோட்டுக்குப் பாரம் கூட,” என்றார் கணவர்.

“ஏனப்பா? எங்கை போட்டாலும் வோட்டு ஒண்டுதானே?”

“இல்லை. மாவட்டங்களுக்கு ஆசனம் பிரிக்கேக்கை சனத்தோடை நிலத்தின்ரை பரப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பாப்பினம். அங்கை சனம் கொஞ்சம், நிலம் பெரிசு.”

“அப்ப கல்லுக்கும் பனிக்கும் பங்கிருக்கோ?”

“ஓம்.”

அந்த அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாங்கள் அங்கை வடக்கிலை இருந்த காலத்திலை ஒரு தேர்தலும் விடாமல் போட்டனாங்கள். அவ்வளவு பாரமான வோட்டெண்டா, எங்கடை மீன் பக்டரியைப் பூட்டேக்கை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?”

அம்மா கணவரின் பக்கம் திரும்பினார்.

“இப்ப வாறவையாவது கேப்பினமோ?”

“கேக்காட்டிலும் ஒண்டும் செய்யேலாது. இந்த நாட்டிலை நாலு வருசம் முடியுமட்டும் பாராளுமன்றத்தைக் கலைக்கேலாது.”

ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது.

“அடுத்த முறை வோட்டுப் போட நீர் தனியப் போம்,” என்றார் கணவர். “நான் வரேல்லை.”

“நான் இண்டைக்கே உங்களுக்காகத்தான் வந்தனான்,” என்றார் அந்த அம்மா.