சத்தமில்லாத நான்கு நிமிடம்

"எங்க வீட்டுக்காரரு செல்லை வீட்டுலதான் வச்சுட்டுப் போனாரு, நான் எத்தனை தடவ..."

"போலீஸே எழுதிருக்குல்ல. முனியராஜ் செல்லு கொண்டுபோனான், அதுல பொறி..."

"நீங்க சொன்னதைத்தான எழுதிருக்காக!"

இன்று காலை ஸ்டேஷன் வராந்தாவில் முனியராஜின் மனைவி பொன்மணியும் என் மகன் சபரிநாதனும் இப்படி ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்தச் சொல்லி உங்களிடம் கேட்டேன், இன்ஸ்பெக்டர் சார். எனக்கு இரைச்சல் ஆகாது. இதை நிதானமாக எழுதித் தருகிறேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டாசு கம்பெனியின் லேபிள் படங்களைச் சேர்த்து வைப்பது இருபத்தைந்து வருடமாக என் பொறுப்பு. பிளாப்பியில் வைத்தேன், பூஞ்சை பிடித்தது. சிடியில் வைத்தேன், கீறல் விழுந்தது. அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பப் பென் டிரைவ் போதும். மொத்தத்தையும் வைக்க ஹார்டு டிஸ்க்தான். கேமராப் பெட்டிக்குள் இருப்பதும் ஹார்டு டிஸ்க்தான். அதனால் விபத்து நடந்த அன்று எதைக் கழற்றுவது என்பதில் எனக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

சீசன் நேரம். சட்டப்படி ஓர் அறையில் நான்கு பேர்தான் வேலை பார்க்கலாம். எங்களுக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். சோதனைக்கு அதிகாரிகள் வண்டி வந்தால் அதிகப்படி ஆட்களைப் பின்னால் காகிதக்குழாய் அறையில் உட்காரவைத்து வெளியே பூட்டுவோம். வண்டி போனதும் திறப்போம். அவர்களுக்கும் பழக்கம்தான், கேலி பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று மருந்து அடைத்த குழாய்களையும் அவர்களோடு உள்ளே தள்ளச் சொன்னேன். அவசரம். அது தப்புதான். பூட்டியதும் நான்தான்.

அதிகாரிகள் முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில் கேமராத் திரைக்கு முன்னால் இருந்தேன். திரையில் காகிதக்குழாய் அறைக்குள் புகை தெரிந்தது. முனியராஜ் கதவை இடித்தான். பிறகு ஜன்னல் தகரத்தைக் கையாலேயே நெளித்து வெள்ளைத்தாயை வெளியே தள்ளிவிட்டு, மற்ற இருவருக்காகத் திரும்பப் போனான். சாவி என் இடுப்பில் இருந்தது. அந்த அறை அறுபது காலடி தூரம். பிற்பாடு நடந்து பார்த்தேன், என் முழங்காலுக்கே ஒரு நிமிடம் ஆகவில்லை. படம் நான்கு நிமிடம் ஓடுகிறது.

அதிகாரிகள் இருக்கும்போது எப்படித் திறப்பது? இருநூறு குடும்பம் பிழைக்கிற இடம். வெடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். நான் டிஸ்கைக் கழற்றினேன். மூன்று பேர் போனார்கள். கேமரா பதிவாகவில்லை என்றும், முனியராஜ் செல்போன் வைத்திருந்தான் என்றும் நான்தான் சொன்னேன். அதையே சொல்ல வெள்ளைத்தாய்க்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தேன். இறந்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம் என்று நினைத்தேன். இறந்த மற்ற இருவரின் வீட்டாரும் பொன்மணியைத் தெருக்குழாயில் குடம் வைக்க விடவில்லை என்பது பிறகுதான் காதுக்கு வந்தது.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். நான் எதையும் அழித்துப் பழகாதவள். தினமும் மதியம் போட்டுப் பார்ப்பேன். அதில் சத்தம் கிடையாது. பேச்சில்லாமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது. நானே பேச்சு வைப்பேன். கடைசியில் முனியராஜ் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறான். முதலில் 'தண்ணி' என்று வைத்தேன், உதட்டசைவுக்குப் பொருந்தவில்லை. பிறகு, 'நீங்க வராதீக அம்மா, கம்பெனியப் பாருங்க' என்று வைத்தேன். பொருந்தியது. ஆனாலும் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும்.

போன வாரம் டிஸ்க் டக்டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. படம் போய்விடுமோ என்று பயந்து, பென் டிரைவில் ஏற்ற விருதுநகரில் ஹரிபிரசாத்தின் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். ஏற்றும்போது அவர் பார்த்துவிட்டார், உங்களிடம் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

மதியம் நீங்கள் பொன்மணியை அழைத்துப் படத்தை ஓட்டினீர்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது; அவன் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னதை அவளும் பார்க்கட்டும். அந்த இடம் வந்ததும், "பாரு பொன்மணி, என்னைய வர வேணாம்கிறான்" என்றேன்.

அவள் திரைக்குக் கிட்டே போனாள். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். அழவில்லை.

"'தொறங்கம்மா'ன்னுல்ல சொல்றாரு. இத்தன நாளும் பார்த்தீகளே, உங்களுக்கு அது தெரியலையா?"