ஆட்டுக்கு ஒரு டூட்டி

வேடசந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் ஒரு பெரியவரும். இருவர் கழுத்திலும் அரசு அலுவலக அடையாள அட்டை. "எங்க ஆபீஸ்ல வேப்பமரத்துக்கு ஆட்டை டூட்டி போட்டிருக்கோம்ண்ணே" என்றார் அந்த அம்மா. நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

"ஆட்டையா?"

"மாடியில சோலார் வச்சாங்கள்ல. வேப்பமர நெழல் விழுந்து கரண்டே வரல. ஏன் வரல, ஒடனே சரி பண்ணுங்கன்னு ஒரு ஆர்டர். மரத்துல ஒரு கிளையக்கூட ஆபீஸ் ஆளுங்க வெட்டக் கூடாதுன்னு இன்னொரு ஆர்டர். ரெண்டுலயும் ஒரே அதிகாரி கையெழுத்து."

"அவர்ட்டயே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டோம். ரெண்டுமே முக்கியம்மான்னாரு."

"பெறகு?"

"நாங்க வெட்டலண்ணே. அய்யலூர் சந்தைக்கு ஆடு வளக்குற அக்கா ஒண்ணு பக்கத்துலதான் குடியிருக்கு. நாங்க ஆபீஸ் கேட்டை மட்டும் தெறந்து விட்டோம். அது தொரட்டியோட வந்து, ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுப் போட்டுச்சு. ஒரு வாரத்துல மரம் மொட்டை. இப்ப ஃபேன் பிச்சுக்கிட்டு ஓடுது."

"அதிகாரி பாத்தாரா?"

"நேத்து வந்தாரு. மீட்டரப் பாத்து ரொம்ப சந்தோசம். கெளம்பும்போது ஜீப் கதவுல கைய வச்சவரு, வெடுக்குன்னு எடுத்துட்டாரு. 'ஏம்மா, இம்புட்டு பெரிய ஆபீஸ்ல வண்டி நிப்பாட்ட ஒரு நெழல் இல்லையா'ன்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கு சார், மாடியில பேனலுக்கு அடியிலன்னேன்."